பூச்சியின் நானூற்றுப் பன்னிரண்டு சண்டைகள்

எங்கள் கொம்பனூரில் ஆளாளுக்கு வால் முளைத்த அந்த மார்கழி வியாழக்கிழமை குழாயில் தண்ணி வருகிற நாளாகவும் இருந்து தொலைத்ததால், வாலைப் பற்றி யோசிக்க யாருக்கும் ஒன்பது மணி வரை நேரம் கிடைக்கவில்லை. குடம் நிரம்ப வேண்டும், தொட்டி நிரம்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி மோட்டாரைப் போடுவதற்குள் நம் அண்டா நிரம்ப வேண்டும்; இதற்கு நடுவில் முதுகு முடிகிற இடத்தில் முழ நீளத்துக்குப் புசுபுசுவென்று ஒன்று தொங்கினால் தொங்கிவிட்டுப் போகட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தோம். தண்ணி நின்ற பிறகுதான் ஒருத்தி பின்னால் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஏட்டி, உனக்குமா?" என்று கேட்டுக்கொண்டோம்.

அது ஓநாய் வால். அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் ஓநாய் உண்டு. ஊருக்கு மேற்கே குளத்தை ஒட்டி, நாலு மான், பத்து மயில், கண்ணையே திறக்காத ஒரு முதலை, ஒரு ஓநாய்க் குடும்பம் என்று சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அதன் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் நான். பேர் ஸ்டெல்லா, பதினாறு வருஷ சர்வீஸ், உங்களிடம் பொய் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. முந்தின நாள் சாயங்காலம் தாய் ஓநாய் இசக்கி இரண்டு குட்டி போட்டாள், மற்றதெல்லாம் சேர்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஊளையிட்டன, விடிந்தால் எங்களுக்கு வால். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். குளத்துத் தண்ணி என்றார்கள், பிராய்லர் கோழி என்றார்கள், ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. வந்தது வந்தாயிற்று, இனி அதை உட்காரும்போது எங்கே வைப்பது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

தையல்காரர்களுக்குத்தான் அடித்தது யோகம். பேண்டில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஒரு மடிப்பு, மடிப்புக்கு ஒரு பட்டன் என்று பொங்கல் வரைக்கும் ராப்பகலாகத் தைத்தார்கள். மினிபஸ் சீட்டெல்லாம் நடுவில் பிளக்கப்பட்டது. சவரக்கடையில் 'வால் தனி' என்று அட்டை தொங்கியது. பைக்கில் மூன்று பேர் போனால் முன்னால் இருப்பவன் வாலைப் பின்னால் இருப்பவன் மடியில் பிடித்துக்கொண்டான். பனிக்குளிரில் சுருண்டு படுத்து மூக்கின் மேல் வாலைப் போட்டுக்கொண்டால் போர்வையே வேண்டாம் என்பதைக் குழந்தைகள் முதலில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் நாங்களும். வாலின் நிறம் அவரவர் முடியின் அசல் நிறம் என்பதால் தலைக்கு டை அடிக்கிற பெரிய மனிதர்கள் பாடு சிரிப்பாய்ச் சிரித்தது. எங்கள் கவுன்சிலர் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்து, நாலாம் நாள் வாலும் கருகருவென்று வந்து சேர்ந்தார். ஊர் எல்லையில் செக்போஸ்டைத் தாண்டினால் வால் இருக்காது, திரும்பி வந்தால் இருக்கும், வெளியூர்க்காரர்கள் ஒரு ராத்திரி தங்கினால் அவர்களுக்கும் முளைக்கும். வெளியே சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை, நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம்.

வாலில் உள்ள ஒரே சங்கடம், அதற்குப் பொய் சொல்ல வராது. வாய் "வாங்க வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும், வால் பின்னால் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். வந்தவருக்கு அது கண்ணில் படும், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. அர்த்தம் தெரிந்த ஆள் ஊரிலேயே ஒருத்தன்தான் இருந்தான்.

அவன் வெயிலுமுத்து, எங்கள் ஓநாய்களின் கீப்பர். நாற்பத்தைந்து வயசு, கல்யாணம் ஆகவில்லை, எதிரே ஆள் வந்தால் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகிற சுபாவம். ஒன்பது வருஷமாக தினம் காலையில் கறியை வெட்டிப் போட்டுவிட்டு வேலிக்கு இந்தப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, யார் முதலில் தின்கிறது, யார் யார் பக்கத்தில் படுக்கிறது, யார் வால் எந்தப்பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அப்பன் மாடன், அம்மை இசக்கி, மூத்த மகன் சண்டியர், மகள் ராசாத்தி, இளைய மகன் பூச்சி, இப்போது புதுசாக இரண்டு குட்டி. ஆபீசர் வந்தால் மட்டும் வெயிலுமுத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எதைச் சொன்னாலும் "சரிங்கய்யா"தான். வால் முளைத்த பிறகு இன்னும் மோசம், யாராவது குரலை உயர்த்தினாலே அவன் வால் காலிடுக்கில் புகுந்து வயிற்றோடு ஒட்டிவிடும்.

அப்பேர்ப்பட்டவனைத் தேடி ஊரே வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, ஓநாயையும் தங்கள் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெயிலுமுத்து, இதுக்கு என்னவே அர்த்தம்?" என்று கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வால் மேல நின்னா இது என் எடம்னு அர்த்தம், கீழ போனா உங்க எடம்னு அர்த்தம். ஆனா கீழ போறதுலயும் ரெண்டு வகை உண்டு, அத எப்பிடிப் பாக்கணும்னா..." என்று ஆரம்பிப்பான். அதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள். மேலே என்றால் பெரிய ஆள், கீழே என்றால் சின்ன ஆள், இதைத் தெரிந்துகொண்ட பிறகு நின்று கேட்க என்ன இருக்கிறது.

அப்புறம் பாருங்கள் கூத்தை. கல்யாணப் பந்தியில் வால் உயரம் பார்த்து உட்கார வைத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. மளிகைக்கடை தங்கத்துரை அண்ணாச்சி, கடையில் அதிகாரம் பண்ணிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் வால் தொங்குகிறது என்று வெளியே தெரிந்துபோனதில் அவமானப்பட்டு, சைக்கிள் ஸ்போக் ஒன்றை வாலுக்குள் கொடுத்து நூல் சுற்றி நிமிர்த்தி வைத்துக்கொண்டார். ஒரே மாதத்தில் ஸ்போக் இல்லாத ஆம்பிளையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? என் வீட்டுக்காரர் செல்வின் மினிபஸ் டிரைவர். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வந்து எங்கள் கேட்டைத் திறக்கும்போதே அவர் வால் கீழே இறங்கி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கோ பெருமை தாங்காது. எங்க வீட்டில் யார் அதிகாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாலை ஏணி மாதிரி தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். மனுஷன் சிரிப்புக்குப் பயந்து, எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற வரை முக்குப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டு வர ஆரம்பித்தார். அது தெரிந்தும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மாசி மாதம் எங்கள் மிருகக்காட்சி சாலைக்குப் புது ரேஞ்சர் வந்தார். சுபத்ரா மேடம், நாற்பது வயசிருக்கும், தனி ஆள், பெட்டி ஒன்று பை ஒன்று. வந்த ராத்திரியே அவருக்கும் வால் முளைத்திருக்கும், ஆனால் அதை ஒருத்தரும் பார்த்ததில்லை. காக்கிப் பேண்டுக்குள் தொடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு லேசாகக் காலைச் சாய்த்து நடந்தார். திமிர் பிடித்தவள் என்று ஊர் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதில் என் ஓட்டும் உண்டு.

ஆனால் அவர் வேலையில் கெட்டி. முதல் வாரமே எல்லா நோட்டையும் வாங்கிப் படித்தார். ஓநாய் நோட்டில் அச்சடித்த கட்டம் மூன்று: தீனி, நோய், சண்டை. வெயிலுமுத்து பார்த்ததை எழுதாமல் விடமாட்டான், இல்லாத கட்டத்தில் எழுதவும் அவனுக்குத் தெரியாது. தீனியும் இல்லாமல் நோயும் இல்லாமல் நடந்த எல்லாவற்றையும் மூன்றாவது கட்டத்தில் எழுதி வைத்திருந்தான். 'இசக்கி பூச்சி மூஞ்சியைக் கவ்வினாள். சண்டியர் பூச்சியை மல்லாத்தினான். பூச்சி வாலைத் தாழ்த்தி வந்து மாடன் வாயை நக்கினான். ராசாத்தி பூச்சி மேல் ஏறி நின்றாள். குட்டிகள் பூச்சி காதைக் கடித்தன.' மேடம் பென்சில் வைத்து எண்ணினார். ஒன்றரை வருஷத்தில் பூச்சிக்கு நானூற்றுப் பன்னிரண்டு சண்டை.

"பாவம், எல்லாம் சேர்ந்து இந்த ஒன்றையே வதைக்குதே. ஒன்றரை வருஷமா இதை யாருமே கவனிக்கலையா?" என்றார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வடக்கே பெரிய பூங்கா ஒன்றோடு போனில் பேசி, பூச்சிக்குத் தனியாக ஒரு கூண்டு, தனியாக ஒரு மரம், யாரும் கடிக்காத ஒரு நல்ல வாழ்க்கை என்று எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெயிலுமுத்து நேரே என் கவுண்டருக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "யக்கா, பூச்சி செத்துருவான்" என்றான். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ராயன் என்று ஒரு ஆண் ஓநாயை இங்கே தனியாகக் கொண்டுவந்து விட்டார்கள், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. வெயிலுமுத்து கறியைச் சின்னதாக நறுக்கி வைத்துப் பார்த்தான், கையில் ஏந்தி நீட்டிப் பார்த்தான், கூடவே படுத்துப் பார்த்தான். முப்பத்தெட்டு நாள் அது சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. "கறி என் கையில இருந்துச்சிக்கா. பசியில சாகல அது" என்றான். "நீங்க மேடத்துக்கிட்ட சொல்லுங்க."

"நான் டிக்கெட் கிழிக்கிறவ, எனக்கு ஓநாயப் பத்தி என்ன தெரியும். நீதான் சொல்லணும்" என்று விரட்டினேன்.

போனான். மூன்று தடவை போனான். மூன்று தடவையும் மேடம் நிமிர்ந்து "என்ன?" என்று கேட்ட உடனே வால் வயிற்றோடு ஒட்டி, வாய் பூட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, சரிங்க மேடம்" என்று திரும்பிவிட்டான். வியாழக்கிழமைக்குள் விஷயம் டீக்கடை வரைக்கும் போய், ஊரே அவன் கவலையைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டது. எங்கள் ஊருக்கு அந்த நல்ல குணம் உண்டு, யோசனைதான் கோணலாக வரும். தங்கத்துரை அண்ணாச்சி தன் கையாலேயே ஒரு புது ஸ்போக்கைக் கொண்டுவந்து, வெயிலுமுத்தின் வாலுக்குள் கொடுத்து, நூல் சுற்றி, மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெயும் தடவி, "இப்ப போவே. வால் நின்னா வாய் தன்னால பேசும்" என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்து கேட்டுக்குள் நின்றது, பின்னால் இரும்புக் கூண்டோடு. நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டேன், வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன. வெயிலுமுத்து கொடிக்கம்பம் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மேடம் நிமிர்ந்தார். "என்ன?" என்றார். அவ்வளவுதான், வால் நடுங்கி, வளைந்து, நூல் தெறித்து, ஸ்போக் உருவிக்கொண்டு டணார் என்று தரையில் விழுந்தது. வால் போக வேண்டிய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

எனக்கே கண்ணை மூடிக்கொள்ளலாம் போல் இருந்தது. வெயிலுமுத்து குனிந்து ஸ்போக்கை எடுத்தான், அதை என்ன செய்வது என்று தெரியாமல் மேடம் மேஜை மேல் வைத்தான், வால் வயிற்றோடு ஒட்டினபடியே, பேச ஆரம்பித்தான்.

"மேடம், எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லிப்போடுதேன். அது சண்டை இல்ல. கட்டம் மூணுதான் இருந்திச்சி, வேற எடமில்லாம நான்தான் அங்க எழுதிட்டேன். தப்பு என்னோடது, அதுக்கு அவன அனுப்பாதீய. ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு அனுப்பணும்னா அனுப்புங்க."

மேடம் ஸ்போக்கையும் அவனையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

தீனி நேரம். ஓநாய்கள் பின்னறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன, கடைசியில் பூச்சி. வந்ததும் வாலைத் தாழ்த்திக்கொண்டு அம்மையிடம் ஓடினான். இசக்கி அவன் மூஞ்சியைக் கவ்விக் கீழே அழுத்தினாள்.

"இது சண்டைதானே?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். வந்துட்டியாலேன்னு கேக்கா."

"கடிக்கிறாளே."

"பல்லு பட்டா ரத்தம் வரணும்லா மேடம். நோய்க் கட்டத்தப் பாருங்க. பூச்சிக்கு ஒரு நாளாவது மருந்து போட்டதா எழுதியிருக்கனா?"

மேடம் வேலியோரம் நின்றபடி நோட்டைப் புரட்டினார். ஒன்றரை வருஷத்தையும் புரட்டினார். சண்டைக் கட்டம் நிரம்பி வழிந்தது, பக்கத்தில் நோய்க் கட்டத்தில் பூச்சி பேருக்கு நேரே ஒரு கோடு கூட இல்லை. அவர் நோட்டை மூடுவதற்குள் சண்டியர் வந்து பூச்சியை மல்லாத்தினான், ராசாத்தி மேலே ஏறி நின்றாள், பூச்சி நாலு காலையும் மேலே போட்டுக்கொண்டு கிடந்தான். மேடம் கேட்கக் கேட்க வெயிலுமுத்து சொல்லிக்கொண்டே வந்தான்: இது விளையாட்டுக்குக் கூப்பிடுறது, இது சும்மா வம்பிழுக்கிறது, இது உன் மேல கோவமில்லங்கிறது. அப்புறம் குட்டிகள் இரண்டும் உருண்டுகொண்டு வந்து பூச்சியின் வாயை முட்டின. அவன் தின்ற கறியைத் தொண்டையிலிருந்து எக்கி எடுத்து அவற்றின் முன்னால் வைத்துவிட்டு, அதுகள் தின்று முடிக்கும் வரை காவலுக்கு நின்றான்.

"குட்டி போட்ட நாள்லேர்ந்து இவன்தான் மேடம் தாதி. இவன அனுப்பினா அதுகளும் தேடும்" என்றான் வெயிலுமுத்து.

"அப்போ வால் ஏன் எப்பவும் கீழேயே இருக்கு? பயமில்லையா?"

வெயிலுமுத்து திரும்பித் தன் பின்பக்கத்தைக் காட்டினான். "பயம்னா இந்தா, என்னோடது மாதிரி ஒட்டிக்கிடும். அவனோடது கீழ கெடந்து ஆடுது, பாத்தியளா? அது பயமில்ல மேடம். வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லுதான்."

எனக்குச் சுருக்கென்றது. செல்வின் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷன் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் சொன்னது இதுதான் போல, வால் வந்த பிறகு அது வெளியே தெரிந்தது, அதைப் பார்த்து ஊரோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

மேடம் வேலியைப் பார்த்தபடியே, குரலைத் தணித்து, "வால் ஆடவே இல்லைன்னா, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

ஆபீசருக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வெயிலுமுத்துக்குத் தெரியாது, ஓநாய்க்கு எப்படியோ அப்படியே சொன்னான். "பக்கத்துல யாரும் இல்லன்னு அர்த்தம் மேடம்."

"பதினொரு ஊர்" என்றார் மேடம், எங்களிடம் சொன்ன மாதிரியும் இல்லை. "ஒன்பது வருஷத்துல பதினொரு டிரான்ஸ்ஃபர்." பிறகு நேரே வண்டிக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். அவன் மணியைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். வெறுங்கூண்டு குலுங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. வெயிலுமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

மேடம் வேலியோரம் திரும்பி வந்து நின்றார். வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தூக்கிக்கொண்டிருந்த பூச்சி, என்ன தோன்றியதோ, குட்டிகளை விட்டுவிட்டு வேலிக்கு வந்தான். மேடத்தை மோந்து பார்த்தான். பிறகு தலையைத் தாழ்த்தி, உடம்பை வளைத்து, வாலைக் கீழே போட்டு ஆட்டினான்.

மேடம் அசையாமல் நின்றார். அவருடைய காக்கிப் பேண்டின் இடது கால் மட்டும் உள்ளே ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் சட்டென்று இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, நாங்கள் பார்த்துவிட்டோமா என்று திரும்பினார். நான் மானைப் பார்க்கிற மாதிரி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயிலுமுத்து திரும்பவில்லை. தன் வால் இன்னும் வயிற்றோடு ஒட்டியபடி இருக்க, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ஆபீசருக்கு முதல் தடவையாக உத்தரவு போட்டான்.

"கைய எடுங்க மேடம். அது பாட்டுக்கு ஆடட்டும்."